நகரத்து உயர்தர ஹோட்டல்களில் உறுப்பினர் தகுதிக்கு உண்மையில் என்ன மதிப்பு?

#1 நெடுவழி

வணக்கம். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகளாக ஒரே குழுமத்தின் ஹோட்டல்களில் தங்கி, மேரியட் குழுமத்தின் உறுப்பினர் திட்டமான போன்வாயில் பிளாட்டினம் தகுதியைத் தக்கவைத்து வந்திருக்கிறேன். இந்த ஆண்டு அலுவலகப் பயணங்கள் குறைந்துவிட்டதால், அதற்கு வேண்டிய 50 இரவுகளை எட்டச் சில இரவுகள் குறைகின்றன. அவற்றைச் சொந்தச் செலவில் நிரப்புவதா, அல்லது தகுதியை விட்டுவிட்டு, எந்தக் குழுமம் என்று பாராமல் அந்தந்த நகரத்தில் எனக்குப் பிடித்த ஹோட்டலில் தங்குவதா என்று முடிவெடுக்க இயலாமல் இருக்கிறேன்.

என் சொந்தப் பயணம் பெரும்பாலும் ஒரே வகையானது. துணைவியாரோடு ஏதேனும் ஒரு பெருநகரத்துக்குச் சென்று, இரண்டு மூன்று இரவுகள் நல்ல ஹோட்டலில் தங்கித் திரும்புவோம். எனவே கடற்கரை உல்லாச விடுதிகளையும் சாலையோர நடுத்தர ஹோட்டல்களையும் விட்டுவிட்டு, நகர மையத்திலுள்ள உயர்தர ஹோட்டல்களை மட்டும் கருத்தில் கொண்டு பதிலளிக்க வேண்டுகிறேன்.

#2 கணக்காயர்

முதலில், பின்னர் இலவச இரவுகளாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகளைப் பிரித்துப் பார்த்துவிடலாம், ஏனெனில் பலரும் தகுதியின் மதிப்பையும் புள்ளிகளின் மதிப்பையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறார்கள். போன்வாயின் பெரும்பாலான ஹோட்டல்களில் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 10 புள்ளிகள் எந்த உறுப்பினருக்கும் கிடைக்கும். பிளாட்டினம் உறுப்பினருக்கு அதில் பாதி கூடுதலாகச் சேர்ந்து 15 ஆகும். ஒரு புள்ளியை நான் முக்கால் சென்ட் என்று மதிப்பிடுகிறேன். அந்தக் கணக்கில் தகுதியால் மட்டும் கூடுதலாக வருவது அறைக்கட்டணத்தில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஹயாத் குழுமத்தில் டாலருக்கு 5 புள்ளிகள். உச்சத் தகுதியான குளோபலிஸ்ட்டுக்கு அதில் 30 விழுக்காடு கூடுதல். ஹயாத் புள்ளியை போன்வாய்ப் புள்ளியைப் போல இரு மடங்காக மதித்தாலும், தகுதியால் வரும் பங்கு நூற்றுக்கு இரண்டே கால்தான். இந்த அளவு ஆதாயத்துக்காக ஒருவர் தமக்குப் பிடித்த ஹோட்டலை விட்டு வேறொன்றில் தங்கினால், அது எந்த வகையிலும் இலாபமாகாது.

அந்தச் சிறிய ஆதாயத்தின் அளவுகோலும் நம் கையில் இல்லை. 2022 மார்ச்சில் மேரியட் தன் நிலையான புள்ளிப் பட்டியலைக் கைவிட்டு, தேவைக்கேற்ப மாறும் விலைக்குச் சென்றது. அதன் பிறகு கூட்டம் மிகுந்த நாள்களில் பெருநகர ஹோட்டல்களுக்கு எத்தனை புள்ளிகள் கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே திட்டமிட முடியாமல் போயிற்று. அக்கோர் குழுமத்திலோ 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ என்று நேரான கணக்கு உண்டு. அதில் பேரதிர்ஷ்டமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

ஆகவே எஞ்சுவது காலை உணவு, லவுஞ்ச் (சிற்றுண்டியும் பானமும் தரும் தனிக்கூடம்), தாமதச் செக்-அவுட் (அறையைத் தாமதமாகக் காலி செய்வது), அப்கிரேடு (பதிவு செய்ததைவிட உயர்ந்த அறை) ஆகிய நான்கும்தான். இவற்றை ஹோட்டல் அச்சிட்டிருக்கும் விலைக்கு மதிப்பிடாமல், இலவசமாகக் கிடைக்காவிட்டால் நீங்கள் கைப்பணத்திலிருந்து எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அந்தத் தொகைக்கு மதிப்பிடுங்கள். வெளியே நடந்து போய்ச் சிறு உணவகத்தில் காலை உண்பவருக்கு, ஹோட்டலின் விரிவான காலை உணவின் மதிப்பு அந்தச் சிறு உணவகத்துச் செலவு மட்டுமே.

#3 மேல்தளம்

கணக்காயர் அவர்களின் கணக்கை ஏற்கிறேன்; ஆனால் கேள்வியின் மையம் வேறிடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். நெடுவழி கேட்பது உயர்தர நகர ஹோட்டல்களைப் பற்றி. அந்தத் தளத்தில் முன்வரிசையில் நிற்கும் பல ஹோட்டல்கள் புள்ளித் திட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. 1961இல் டொரண்டோவில் தொடங்கிய ஃபோர் சீசன்ஸ் இன்றுவரை புள்ளித் திட்டம் எதுவும் நடத்தவில்லை. பெனின்சுலாவிலும், ரோஸ்வுட்டிலும், அமானிலும் இரவுகளை எண்ணித் தரும் தகுதி கிடையாது. மாண்டரின் ஓரியண்டல் 2018இல் தொடங்கிய உறுப்பினர் திட்டத்தில் புள்ளிகளே இல்லை. உறுப்பினர் சில சலுகைகளைத் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

இதற்கு என்ன பொருள்? பிறர் தகுதிக்காக ஒதுக்கிவைக்கும் வசதியை இந்த ஹோட்டல்கள் எல்லா விருந்தினருக்குமான தரமாக வைக்க முயல்கின்றன. பெனின்சுலா ஹோட்டல்களில் நேரடியாக முன்பதிவு செய்பவர் காலை 6 மணி முதல் அறைக்குள் நுழையலாம். புறப்படும் நாளில் இரவு 10 மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 50 இரவுகள் ஓடித் திரிந்து ஒருவர் வேறொரு குழுமத்தில் பெறும் மாலை 4 மணிச் செக்-அவுட்டைவிட இது பெரிது. இரவு விமானத்தில் வந்திறங்கி விடியற்காலையில் வரவேற்பு மேசைக்கு முன் நிற்பவருக்கு இந்தச் சலுகை அறையின் அளவைவிட முக்கியமாகப் படும்.

புள்ளித் திட்டமுள்ள குழுமங்களுக்குள்ளும், ஹோட்டலின் பெயர் (பிராண்டு) உயர உயரத் தகுதியின் பலன் சுருங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மேரியட்டில் நடுத்தரப் பெயர்கள் பலவற்றில் பிளாட்டினத்துக்குக் காலை உணவு உண்டு. செயின்ட் ரீஜிஸிலும் உண்டு. ஆனால் ரிட்ஸ்-கார்ல்டனில் எந்தத் தகுதிக்கும் கிடையாது. அங்குள்ள கிளப் லவுஞ்சும் தகுதியால் திறக்காது, பணம் கட்டித்தான் நுழைய வேண்டும். ஹாங்காங்கில் 102ஆம் தளத்திலிருந்து 118ஆம் தளம் வரை இருக்கும் ரிட்ஸ்-கார்ல்டனில் நீங்கள் பிளாட்டினம் அட்டையோடு தங்கினாலும், காலை உணவைப் பொறுத்தவரை அட்டையில்லாதவரும் நீங்களும் ஒன்றுதான்.

#4 முன்மேசை

நான் பல ஆண்டுகள் ஒரு நகர ஹோட்டலின் வரவேற்பு மேசையிலும், பின்னர் அறைக்கட்டணப் பிரிவிலும் பணியாற்றியவன். அப்கிரேடு எப்படி முடிவாகிறது என்பதைச் சொன்னால் மற்றவை தாமே விளங்கும் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலான ஹோட்டல்களின் கட்டடம் பெயர்ப்பலகைக்குரிய குழுமத்துக்குச் சொந்தமானதன்று. உரிமையாளர் ஒருவர், நடத்தும் நிறுவனம் ஒன்று, உறுப்பினர் திட்டம் மற்றொன்று. உறுப்பினர் செலுத்தும் அறைக்கட்டணத்தில் ஒரு பங்கை ஹோட்டல் திட்டத்துக்குக் கட்டுகிறது. புள்ளிகளில் தங்குபவருக்குத் திட்டம் ஹோட்டலுக்கு ஈடு தருகிறது. ஹோட்டல் ஏறக்குறைய நிரம்பியிருக்கும் இரவில் அந்த ஈடு சராசரி அறைக்கட்டணத்தை நெருங்கும். மற்ற இரவுகளில் மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் பிளாட்டினம் உறுப்பினர் உண்ணும் காலை உணவின் செலவு ஹோட்டலின் கணக்கில்தான் விழுகிறது. தகுதியை வழங்குபவர் ஒருவர், அதற்கான செலவை ஏற்பவர் இன்னொருவர் என்னும் இந்த அமைப்புதான், ஒரே பெயர் கொண்ட இரண்டு ஹோட்டல்களில் ஒரே அட்டைக்கு இரண்டு விதமான மரியாதை கிடைப்பதற்குக் காரணம். பணியாளரின் மனநிலை அதில் சிறு பங்குதான்.

காலையில் வருகைப் பட்டியலைத் திறந்தால் தகுதி வரிசையில் பெயர்கள் நிற்கும். பிளாட்டினத்துக்கு மேலே 75 இரவுகளின் டைட்டானியமும், அதற்கும் மேலே 100 இரவுகளோடு ஆண்டுக்கு 23,000 டாலர் செலவையும் கேட்கும் அம்பாசிடரும் இருக்கிறார்கள். பெருநகர மையத்து ஹோட்டலில், வேலைநாளில், இந்த மூன்று வகையினரும் ஒரே மாலையில் வந்திறங்குவார்கள். விற்காத சூட் அறைகளோ (தனி வரவேற்பறையோடு கூடிய பெரிய அறைகள்) கைவிரல் எண்ணிக்கைக்குள் இருக்கும். அவற்றையும் கடைசி நேரத்தில் விற்றுவிட முடியுமா என்று கட்டணப் பிரிவு மாலைவரை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே செவ்வாய்க்கிழமை வருபவருக்குக் கிடைக்காத சூட், ஞாயிற்றுக்கிழமை வருபவருக்குக் கேளாமலே கிடைக்கும். வணிகர்கள் தங்கும் நகர ஹோட்டலில் ஞாயிறு இரவு காலியாக இருப்பது வழக்கம். நெடுவழி அவர்களே, நீங்கள் வார இறுதியில் நிதி மையப் பகுதிகளில் தங்குபவரானால் உங்கள் பிளாட்டினத்துக்கு உயிர் உண்டு. அதே வார இறுதியில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பகுதியில் தங்குபவரானால் அதன் பலன் மிகவும் மெலிந்துவிடும்.

சிறிய ஹோட்டல்களில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 1994இல் திறந்த பார்க் ஹயாத் தோக்கியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஞ்ஜுகுவில் ஒரு கோபுரத்தின் மேல் தளங்களில் இருக்கும் அதில் 200க்கும் குறைந்த அறைகளே உள்ளன. அத்தகைய இடத்தில் சூட் அறைகளின் எண்ணிக்கையும், அவற்றை எதிர்பார்த்து வரும் உயர்தகுதி உறுப்பினர்களின் எண்ணிக்கையும் ஒருபோதும் பொருந்தாது. எனவே ஒவ்வொரு திட்டத்தின் விதிகளிலும் ‘உறுதி’ என்று எழுதப்பட்டதையும், ‘இருப்பைப் பொறுத்து’ என்று எழுதப்பட்டதையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். முதலாவதற்கு மட்டும் மதிப்புக் கொடுங்கள். இரண்டாவது கிடைத்தால் மகிழுங்கள். ஆனால் அதை நம்பிப் பணம் செலவிடாதீர்கள்.

அப்படிப் பிரித்தால், ஹயாத்தின் குளோபலிஸ்ட் தகுதி தனியாகத் தெரியும். சூட் அப்கிரேடு விருது ஒன்றைப் பயன்படுத்தினால், ஏழு இரவுகள் வரையிலான ஒரு தங்கலுக்கு முன்பதிவின்போதே சூட் உறுதியாகிவிடும். மேரியட்டில் அதை ஒத்த விருது உண்டு என்றாலும், வருகைக்கு முந்தைய சில நாள்களில்தான் அது நிறைவேறுமா இல்லையா என்று தெரியவரும். அறை எது என்று தெரிந்து பயணத்தைத் திட்டமிடுவதும், வாசலில் நின்று காத்திருப்பதும் ஒன்றாகா.

#5 நெய்தல்

முன்மேசை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. இவ்வளவு தெளிவாக ஹோட்டலின் பக்கத்திலிருந்து யாரும் சொல்லிப் படித்ததில்லை. எனினும் இழை முழுவதும் சாய்வு ஒரே பக்கம் போகிறது என்பதால் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

நான் வயதான தாயாரோடு பயணம் செய்பவள். எனக்கு நான்கு மணிச் செக்-அவுட் என்பது ஆடம்பரமன்று. இரவு விமானத்துக்கு முன் அம்மா மதிய உணவுக்குப் பின் படுத்துறங்கவும், மருந்து எடுத்துக்கொள்ளவும், குளிக்கவும் ஓர் அறை வேண்டும். இது ஒவ்வொரு பயணத்திலும் எனக்கு அரைநாள் அறைக்கட்டணத்தை மிச்சப்படுத்துகிறது. நான் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிது. கணக்காயர் சொன்ன ‘கைப்பணத்திலிருந்து எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்’ என்ற அளவுகோலையே வைத்தாலும், எனக்கு வரும் தொகை பெரிதாகவே இருக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் நாங்கள் ஒரு நகர ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, உறுதி செய்த முன்பதிவு கையில் இருந்தும், அறைகள் அனைத்தும் நிரம்பிவிட்டன என்று சொன்னார்கள். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இடைத்தரகர் தளத்தின் வழியே குறைந்த கட்டணத்தில் முன்பதிவு செய்திருந்தோம். உறுப்பினர் எண் எதுவும் அதில் இல்லை. எங்களைத் தொலைவிலிருந்த வேறொரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். நேரடியாக முன்பதிவு செய்த தகுதியுள்ள உறுப்பினருக்கு இத்தகைய நிலை வந்தால், மாற்று இடமும் இழப்பீடும் தரப்படும் என்று மேரியட் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. கடைசியாக வெளியே அனுப்பப்படுபவராக இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அது எந்தப் புள்ளிக் கணக்கிலும் வராது.

#6 முன்மேசை

நெய்தல் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. அறைகள் மிகையாக விற்கப்பட்ட இரவில் யாரை வேறிடத்துக்கு அனுப்புவது என்று பட்டியல் போடும்போது, இடைத்தரகர் வழியே ஓர் இரவு மட்டும் தங்க வரும், உறுப்பினர் எண் இல்லாத முன்பதிவுகளே முதலில் கண்ணில் படும். தாமதச் செக்-அவுட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். மேரியட்டின் நான்கு மணி உறுதி, மாநாட்டு ஹோட்டல்களுக்கும் உல்லாச விடுதிகளுக்கும் பொருந்தாது. அங்கே அது இருப்பைப் பொறுத்ததே. நகர மையத்திலுள்ள பெரிய ஹோட்டல்களில் சில மாநாட்டு ஹோட்டல்களாக வகைப்படுத்தப்பட்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஹில்டன் குழுமத்தில் உயர் தகுதியான டயமண்ட் உறுப்பினருக்கும் தாமதச் செக்-அவுட் இருப்பைப் பொறுத்ததாகவே எழுதப்பட்டிருக்கிறது.

#7 மேல்தளம்

நெய்தல் அவர்களின் தேவை நியாயமானது. ஆனால் அதே தேவையை இரவுகளை எண்ணாமலும் நிறைவேற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நடத்தும் உயர்தர ஹோட்டல் திட்டத்தில், தகுதியுள்ள அட்டையைக் கொண்டு முன்பதிவு செய்தால் இருவருக்குக் காலை உணவும், நான்கு மணிச் செக்-அவுட் உறுதியும் கிடைக்கின்றன. விர்ச்சுவோசோ போன்ற கூட்டமைப்பைச் சேர்ந்த பயண முகவர்கள், ஃபோர் சீசன்ஸின் முகவர் திட்டத்தில் பங்குபெறுபவர்கள், மேரியட்டின் ஸ்டார்ஸ், ஹயாத்தின் பிரிவே ஆகிய திட்டங்களில் உள்ள முகவர்கள் ஆகியோர் வழியே முன்பதிவு செய்தாலும், ஹோட்டலின் வழக்கமான நெகிழ்வுக் கட்டணத்திலேயே (பின்னர் ரத்து செய்யத்தக்க கட்டணம்) காலை உணவும், ஹோட்டலில் செலவிடத்தக்க ஒரு தொகையும், இருந்தால் அப்கிரேடும் சேர்ந்து வருகின்றன. பிளாட்டினம் அட்டையால் ரிட்ஸ்-கார்ல்டனில் பெற முடியாத காலை உணவை, ஸ்டார்ஸ் முகவர் வழியே ஒருவர் முதல் தங்கலிலேயே பெறுகிறார். ஆண்டுக்குச் சில முறை மட்டும் தங்குபவருக்கு இதைவிட நேரான வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்டர்கான்டினென்டல் ஹோட்டல்களின் அம்பாசிடர் உறுப்பினர் திட்டமும் (மேரியட்டின் அம்பாசிடர் தகுதி வேறு) இவ்வகையானதே. ஆண்டுக் கட்டணம் செலுத்தினால், ஒரு படி உயர்ந்த அறையும் நான்கு மணிச் செக்-அவுட்டும் உறுதியாகின்றன. இரவுகளை எண்ண வேண்டியதில்லை.

#8 கணக்காயர்

ஒரு திருத்தம் தேவை. முகவர் வழியே கிடைப்பவை பெரும்பாலும் நெகிழ்வுக் கட்டணத்துக்கே பொருந்தும். முன்கூட்டியே செலுத்தி, திரும்பப் பெற முடியாத உறுப்பினர் கட்டணத்தைத் தேர்ந்தால் அறை கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. அந்த வேறுபாடு சில நகரங்களில் இருவரின் காலை உணவுச் செலவை எட்டிவிடும். ஆகவே இரண்டு கட்டணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எதையும் இலவசம் என்று சொல்லக் கூடாது. பிளாட்டினம் தகுதியின் ஒரு சிறப்பு, குறைந்த உறுப்பினர் கட்டணத்திலும் அதன் சலுகைகள் தொடர்வதுதான்.

#9 பயணக்குறிப்பு

வாழ்நாள் தகுதியை யாரும் குறிப்பிடவில்லை. போன்வாயில் வாழ்நாள் பிளாட்டினத்துக்கு மொத்தம் 600 இரவுகளும், பிளாட்டினமாக 10 ஆண்டுகளும் வேண்டும். நெடுவழி அந்த எல்லைக்கு அருகில் இருந்தால் மட்டும் இந்த ஆண்டை விட்டுவிடக் கூடாது. தொலைவில் இருந்தால் அதைக் காரணமாகக் கொள்ள வேண்டாம்.

#10 நெடுவழி

அனைவருக்கும் நன்றி. வாழ்நாள் தகுதிக்கு நான் இன்னும் வெகு தொலைவில் இருக்கிறேன், எனவே அது என் முடிவைப் பாதிக்காது. முன்மேசை அவர்கள் சொன்னபடி, கடந்த தங்கல்களில் எனக்குக் கிடைத்தவற்றை ‘உறுதி’, ‘இருப்பைப் பொறுத்து’ என்று பிரித்துப் பார்த்தேன். நான் மகிழ்ந்து நினைவுகூரும் சூட் அறைகள் எல்லாமே இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவையும் பெரும்பாலும் அலுவலக வேலையாகத் தனியே போய், ஞாயிறு இரவில் தங்கியபோது கிடைத்தவை. துணைவியாரோடு சென்ற வார இறுதிப் பயணங்களில் காலை உணவு ஒன்றுதான் தவறாமல் கிடைத்தது.

நாங்கள் இருவரும் மிகவும் விரும்பிப் பேசும் தங்கல்களோ, புள்ளித் திட்டமே இல்லாத ஹோட்டல்களில் அமைந்தவை. அறையின் அமைதி, சாளரத்தின் அகலம், முதல் நாள் கேட்டதை மறுநாள் வேறொரு பணியாளர் நினைவில் வைத்திருந்தது ஆகியவற்றுக்காக அவற்றை விரும்பினோம். இவற்றில் எதையும் எந்தத் தகுதியும் எனக்கு வாங்கித் தந்ததில்லை. ஆகவே சொந்தப் பயணங்களுக்கு இனி ஹோட்டலை முதலில் தேர்ந்து, முன்பதிவு வழியைப் பிறகு தேர்வது என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. பிளாட்டினத்தை இழந்தால் நான் எங்கே போய் நிற்பேன்? அலுவலகப் பயணம் முற்றிலும் நின்றுவிடவில்லை என்பதால் கேட்கிறேன்.

#11 முன்மேசை

25 இரவுகளைத் தாண்டியிருப்பீர்கள் என்பதால் பிளாட்டினத்துக்கு அடுத்த கீழ்த் தகுதியான கோல்டு கிடைக்கும். ஆனால் அதைப் பிளாட்டினத்தின் சிறிய வடிவம் என்று எண்ண வேண்டாம். லவுஞ்சும் காலை உணவும் கோல்டில் இல்லை. தாமதச் செக்-அவுட் இரண்டு மணி வரை, அதுவும் இருப்பைப் பொறுத்தது. இந்தத் திட்டத்தின் பெரிய பள்ளம் பிளாட்டினத்துக்கும் கோல்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. கைவசமுள்ள தகுதி உடனே போய்விடாது. கடந்த ஆண்டு ஈட்டியது வரும் பிப்ரவரி முடிய நிற்கும்.

குறைகின்ற இரவுகள் உண்மையிலேயே சிலவானால், அவற்றை விலையுயர்ந்த ஹோட்டலில் நிரப்பத் தேவையில்லை. இரவு எண்ணிக்கையைப் பொறுத்தவரை செயின்ட் ரீஜிஸில் கழித்த ஓர் இரவும் அதே குழுமத்தின் எளிய ஹோட்டலான ஃபேர்ஃபீல்டில் கழித்த ஓர் இரவும் சமம். புள்ளிகளில் தங்கும் இரவுகளும் எண்ணிக்கையில் சேரும். ஆண்டு முடிவதற்குள் எப்படியும் வெளியில் தங்க வேண்டிய இரவுகள் இருந்தால், சேர்ந்திருக்கும் புள்ளிகளை எளிய ஹோட்டல்களில் செலவிட்டு எண்ணிக்கையை நிறைவு செய்யுங்கள். தங்க வேண்டிய தேவையே இல்லாத இரவுக்குக் கைப்பணம் கொடுக்காதீர்கள். முகவர் வழியே மேரியட் ஹோட்டலில் தங்கும்போது உங்கள் உறுப்பினர் எண்ணை முன்பதிவில் சேர்க்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெகிழ்வுக் கட்டணமாக இருந்தால் அந்த இரவுகளும் கணக்கில் ஏறும்.